மதுரைக் கண்மாய் முதல் அரிச்சல்முனை வரை: கரைப்பறவைகளை இனம் காண்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும், இங்கிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இராமநாதபுரம் கடற்கரையிலும் தென்படும் உள்ளான் (சேண்ட்பைப்பர்), உப்புக்கொத்தி (பிளவர்), ஆலா (டெர்ன்), கடற்காகம் (சீகல்) ஆகியவற்றைப் பிரித்தறிவதில் புதியவர்களுக்கு எழும் கேள்விகள் இவை. குழப்பம் வரக்கூடிய இடங்களில் ஆங்கிலப் பெயரையும் சேர்த்திருக்கிறோம்.

கடலே இல்லாத மதுரையில் கரைப்பறவைகள் எப்படி?

இந்தப் பறவைகளுக்குக் கடல் கட்டாயமில்லை. ஆழமில்லாத தண்ணீரும் அதன் ஓரத்தில் ஈரச் சேறும் இருந்தால் போதும். சேற்றுக்குள் இருக்கும் புழு, பூச்சி, நத்தைதான் அவற்றின் இரை. வண்டியூர், மாடக்குளம், சாமநத்தம் கண்மாய்கள், நாற்று நடுவதற்காக உழுது தண்ணீர் கட்டிய வயல்கள், வைகைப் படுகையில் தேங்கிக் கிடக்கும் குட்டைகள் எல்லாமே அவற்றுக்கு ஏற்ற இடங்கள்.

ஆனால் கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும் நாளில் போனால் ஏமாற்றம்தான். கொசு உள்ளானின் கால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். முழங்கால் அளவுத் தண்ணீரில் அது எங்கே நிற்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய், தை பிறந்த பிறகு மெல்ல இறங்கும். அப்போது ஓரங்களில் சேறு வெளியே தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் மதுரைக் கண்மாய்களில் கரைப்பறவை பார்க்க ஏற்ற காலம். சில இனங்கள் ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துவிடும், அப்போது மழைக்கு முந்தைய குட்டைகளில் தேடுங்கள்.

புத்தகத்தில் செம்பழுப்பும் கறுப்புமாக இருக்கும் பறவை, நேரில் சாம்பலாக இருக்கிறதே?

புதியவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். இங்கிலாந்து, ஐரோப்பியக் கடற்கரைகளை வைத்து எழுதப்பட்ட கையேடுகளிலும் காணொளிகளிலும் முதலில் கண்ணில் படுவது இனப்பெருக்கக் காலத்து இறகுகள். இந்தப் பறவைகளில் பல மே முதல் ஜூலை வரை சைபீரியத் துந்திரம், நடு ஆசிய மேட்டுநிலம் போன்ற இடங்களில் கூடு வைக்கின்றன. நம்மிடம் வரும்போது நிறத்தை உதிர்த்துவிட்டு, மேலே சாம்பல், கீழே வெள்ளை என்ற குளிர்கால உடையில் இருக்கும். எல்லா இனமும் ஒரே நிறத்தில் நிற்கும்போது நிறத்தை நம்பிப் பயனில்லை.

ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அலகு: தலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு, நேரா, கீழ்வளைவா, மேல்வளைவா, நுனி ஊசியா, மழுங்கலா? அடுத்து கால்: நீளமும் நிறமும். பிறகு இரை தேடும் விதம். உப்புக்கொத்தி கண்ணால் தேடும். ஓடும், சட்டென நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான் அலகால் தேடும். தலையைக் குனிந்தபடி சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். இந்த வித்தியாசம் 200 மீட்டருக்கு அப்பால் இருந்தும் தெரியும். கடைசியாக, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டா, பிட்டம் வெள்ளையா என்று பாருங்கள். பறவை எழும்பும் அந்த இரண்டு நொடியில் கேமராவைத் தேடாமல் கண்ணால் பார்ப்பவருக்கே விடை கிடைக்கும்.

ஏப்ரலில் சில பறவைகள் நம் கண்முன்னேயே நிறம் மாறத் தொடங்கும். வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறுவதை அப்போது பார்க்கலாம்.

அளவை எப்படி மதிப்பிடுவது?

தெரிந்த பறவையை அருகில் வைத்துத்தான். தனியாக நிற்கும் பறவையின் அளவைத் தொலைநோக்கி வழியே சொல்வது எவருக்கும் கடினம். சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 செ.மீ., மைனா 23 முதல் 25, காகம் 40 சொச்சம். கொசு உள்ளான் குருவியைவிடச் சற்றுச் சிறியது. பொரி உள்ளான் மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. பெரிய பச்சைக்காலி மைனாவுக்கும் காகத்துக்கும் நடுவில். பெரிய கோட்டான் (ஆந்தையல்ல, கர்லூ என்கிற கரைப்பறவை) காகத்தைவிட நன்றாகவே பெரியது. கண்மாயில் மடையான் நின்றால் அதையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், 45 செ.மீ. அளவு.

முதலில் எந்தெந்தப் பறவைகளைப் பழக வேண்டும்?

நெடுங்கால் உள்ளான், இரண்டு ஆள்காட்டிகள், பட்டாணி உப்புக்கொத்தி, பொரி உள்ளான். இவை ஐந்தும் மனப்பாடமாகிவிட்டால் மற்றவற்றை ‘இதைவிடப் பெரியது, இதைவிட வெளிறியது’ என்று ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம்.

நெடுங்கால் உள்ளானில் குழப்பமில்லை: இளஞ்சிவப்பில் மிக நீண்ட கால், கறுத்த இறக்கை, ஊசி போன்ற நேரான கறுப்பு அலகு. ஆண்டு முழுவதும் இருக்கும். இளம் பறவைக்கு மட்டும் முதுகு பழுப்பாகவும் கால் மங்கலாகவும் இருப்பதால் வேறு இனம் என்று நினைத்துவிடுவார்கள்.

செம்மூக்கு ஆள்காட்டி தண்ணீர்ப் பக்கம் இருக்கும். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி வறண்ட தரிசிலும் உழுத காட்டிலும் நிற்கும். முகத்தில் தொங்கும் சதையின் நிறம் பெயரிலேயே இருக்கிறது.

பொரி உள்ளான், பச்சை உள்ளான், சாதா உள்ளான் மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

வுட், கிரீன், காமன் சேண்ட்பைப்பர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் மூன்றும் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் வருபவை, பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கொண்டவை. மதுரைப் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சாதா உள்ளான் நின்ற இடத்திலேயே பின்புறத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். மார்பின் பழுப்புக்கும் இறக்கை வளைவுக்கும் நடுவே வயிற்றின் வெள்ளை ஓர் ஆப்பு போல மேலே ஏறியிருக்கும். எந்தக் கோணத்தில் நின்றாலும் இது கைவிடாத அடையாளம். பறக்கும்போது தண்ணீரை ஒட்டியே தாழ்வாக, இறக்கையை விறைப்பாகச் சிறகடித்து, இடையிடையே சறுக்கிப் போகும். இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டு, பிட்டம் வெள்ளையில்லை. மடை, படித்துறை, கல் அணைத்த கரை இதற்குப் பிடித்த இடங்கள்.

மற்ற இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை, இறக்கையில் பட்டை கிடையாது. பொரி உள்ளானின் முதுகில் வெளிர்புள்ளிகள் நிறைய. வெள்ளைப் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும். கால் மஞ்சள் சாயல். இறக்கையின் அடிப்பக்கம் வெளிர். பச்சை உள்ளானின் முதுகு கருமை கூடியது, புள்ளிகள் நுண்ணியவை, புருவக்கோடு கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும், கால் கரும்பச்சை, இறக்கையின் அடிப்பக்கம் ஏறக்குறைய கறுப்பு. அதனால் பச்சை உள்ளான் எழும்பும்போது கறுப்பு உடலில் வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று வெட்டும்.

இடமும் உதவும். பொரி உள்ளான் வயலிலும் கண்மாய் ஓரத்திலும் நாலைந்தாகவோ கூட்டமாகவோ இருக்கும். பச்சை உள்ளான் தனியன். மரநிழல் விழும் வாய்க்கால், சாக்கடை ஓரம், சிறு குட்டை என்று ஒதுங்கியே இருக்கும். நீங்கள் பார்ப்பதற்குள் அது கிளம்பிவிடும்.

இதில் நடக்கும் பெரிய பிழை காலின் நிறத்தை நம்புவது. கரும் சேற்றில் நடந்த பறவையின் மஞ்சள் கால் கறுப்பாகத்தான் தெரியும். அலகில் ஒட்டிய சேறும் அலகைத் தடிமனாகக் காட்டும். பறவை தண்ணீருக்குள் இறங்கிக் கால் கழுவப்படும்வரை பொறுத்திருந்து பாருங்கள்.

பச்சைக்காலிகளும் பவளக்காலியும்?

சிறு பச்சைக்காலி மெலிந்தது, மைனா அளவு. அலகு ஊசி போல நேர். பெரிய பச்சைக்காலி 30 செ.மீ.க்கு மேல், அலகு அடியில் தடித்து நுனியில் சற்றே மேல்நோக்கி வளையும். இரண்டும் பறக்கும்போது பிட்டத்திலிருந்து முதுகு நடுவரை வெள்ளை முக்கோணமாக ஏறும். பெரியது கிளம்பும்போது ‘டியூ-டியூ-டியூ’ என்று மூன்று முறை உரக்கக் கத்தும். சிறியது ஒற்றைக் குரல்.

பவளக்காலி என்கிற காமன் ரெட்ஷாங்க் கடற்கரையில்தான் அதிகம். ஆரஞ்சுச் சிவப்புக் கால், அலகின் அடிப்பாதியும் சிவப்பு, பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பு முழுக்க அகன்ற வெள்ளை. கரையில் முதலில் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதும் இதுவே.

எந்தப் பெட்டியிலும் அடங்காத பறவை ஒன்று நிற்கிறதென்றால் பேதை உள்ளானாக இருக்கலாம். சிறிய தலை, நடுத்தர அலகு, செதில் செதிலான முதுகு. ஆணும் பெண்ணும் அளவில் வெகுவாக வேறுபடும், கால் நிறமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரே கூட்டத்தை இரண்டு இனம் என்று எழுதிவிடுகிறார்கள். பறக்கும்போது வாலின் இரு பக்கமும் முட்டை வடிவ வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

குருவி அளவில் கூட்டமாக ஓடும் பொடிப் பறவைகள் எவை?

பெரும்பாலும் கொசு உள்ளான். கறுப்புக் கால், குட்டையான கறுப்பு அலகு, வெள்ளை மார்பு, தையல் இயந்திர வேகத்தில் கொத்துதல். இவற்றுக்கு நடுவே கால் மஞ்சள்-பச்சையாகவும், மார்பு முழுக்க மங்கிய பழுப்பாகவும், அமைதியாக ஓரத்தில் ஊர்வது போலவும் ஒன்று இருந்தால் அது டெம்மினிக் கொசு உள்ளான்; பறக்கும்போது வாலின் வெளியிறகு வெள்ளை. கூட்டத்தில் சற்றுப் பெரிதாக, அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்து, பறக்கையில் பிட்டம் வெள்ளையாக இருந்தால் வளைமூக்கு உள்ளான்.

உப்புக்கொத்திகளில் எங்கே சிக்கல்?

கண்மாயில் சிக்கல் குறைவு. பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் முழுக் கறுப்புப் பட்டை, பறக்கும்போது இறக்கை வெறுமை.

கடற்கரைக்குப் போனால் பார்வையைக் கூர்மையாக்க வேண்டும். மார்புப் பட்டை நடுவில் அறுந்து இரு பக்கமும் திட்டாக மட்டும் இருந்து, பிடரியில் வெள்ளை வளையமும் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் அது கென்டிஷ் வகை. இதில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைப்பவை ஹனுமான் பிளவர் என்ற தனி இனமாக 2023-ல் ஏற்கப்பட்டன. வடக்கிலிருந்து வலசை வரும் கென்டிஷ் ஆணுக்கு, இனப்பெருக்க உடையில், அலகுக்கும் கண்ணுக்கும் இடையே கறுப்புக் கோடு இருக்கும். ஹனுமான் பிளவருக்கு அந்த இடம் பொதுவாக வெள்ளை. குளிர்காலத்தில் இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். உறுதியில்லாதபோது ‘கென்டிஷ் அல்லது ஹனுமான்’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

மணல் உப்புக்கொத்திகளுக்குப் பிடரியில் வெள்ளை வளையம் கிடையாது. சிறியதா பெரியதா என்று பார்க்க ஒரு நல்ல வழி: அலகின் நீளத்தை அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு அதைவிட நீளமாக இருந்தால் பெரிய மணல் உப்புக்கொத்தி, குறைவாக இருந்தால் சிறியது. பக்கவாட்டில் நிற்கும் படம் இருந்தால்தான் இந்த அளவு செல்லும். தலை சற்றுத் திரும்பியிருந்தாலும் தப்பாகும். சிறிய மணல் உப்புக்கொத்தியும் இப்போது திபெத்தியன், சைபீரியன் என இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத்தியன்.

பெரிய உருவில் சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது ‘அக்குளில்’ கறுப்புத் திட்டு தெரியும். பொன் உப்புக்கொத்திக்கு அது கிடையாது, முதுகில் பொன்பொட்டுகள் உண்டு. பொன்னிறத்தது காய்ந்த புல்வெளியிலும் நிற்கும்.

காலடியில் திடீரென்று கிளம்பி வளைந்து வளைந்து பறப்பது என்ன?

கோரை உள்ளான் வகை. எழும்பும்போது இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள்: தெளிவான வெள்ளைக் கோடு இருந்தால் காமன் ஸ்னைப், இல்லாவிட்டால் ஊசிவால் உள்ளானாக இருக்க வாய்ப்பு அதிகம். கால் தொங்க, மெதுவாகப் பறந்து பக்கத்திலேயே இறங்கினால் அது மயில் உள்ளான். அதில் பெண்ணுக்குத்தான் நிறம் அழகு, அடைகாப்பது ஆண்.

கண்மாய் மேல் வெள்ளையாகப் பறப்பது கடற்காகமா?

மதுரையில் ஏறக்குறைய எப்போதும் அது மீசை ஆலாதான். கண்மாய்களில் கடற்காகம் அபூர்வம். ஆலாவுக்கு மெலிந்த கூர் இறக்கை, பிளவுபட்ட வால், பறக்கையில் கீழ்நோக்கியிருக்கும் அலகு; பறந்துகொண்டேயிருக்கும். கடற்காகத்துக்கு அகன்ற இறக்கை, விசிறி வால். அடிக்கடி நீந்தி மிதக்கும்.

மீசை ஆலா தண்ணீர்ப் பரப்பில் இரையைக் கவ்விக்கொண்டு மேலேறும், முழுதாக மூழ்குவது அரிது. குளிர்காலத்தில் பின்தலையில் மட்டும் கறுப்புத் தீற்றல். வயலுக்கு மேல் பூச்சி பிடித்தபடி, தடித்த கறுப்பு அலகோடு, சற்றே பெரிதாகப் பறந்தால் பருத்த அலகு ஆலா.

கடற்கரையில் ஆலாவை அலகின் நிறத்தால் பிரிப்பது எளிது. கேரட் சிவப்பில் மிகப் பெரிய அலகும் காகத்தைவிடப் பெரிய உடலும் காஸ்பியன் ஆலா. வெளிர்மஞ்சள் அலகு பெரிய கொண்டை ஆலா. ஆரஞ்சு அலகு சிறு கொண்டை ஆலா. கறுப்பு அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் இருந்தால் சாண்ட்விச் ஆலா. நான்கும் ஒரே மணல்திட்டில் சேர்ந்து ஓய்வெடுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பில்லை. எதிர்வெயிலில் மட்டும் ஆரஞ்சு, மஞ்சள் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பாம்பனில் படகுகளைச் சுற்றும் கடற்காகங்கள் எவை?

அதிகம் பழுப்புத்தலைக் கடற்காகம். ஆனால் குளிர்காலத்தில் தலை பழுப்பாக இருக்காது: வெள்ளைத் தலை, காதருகே ஒரு கரும்பொட்டு. இறக்கை நுனி அகலமாகக் கறுத்து, அதற்குள் வெள்ளைத் திட்டு. வளர்ந்த பறவையின் விழி வெளிர். கருந்தலைக் கடற்காகம் சற்றுச் சிறியது, விழி கறுப்பு, இறக்கையின் முன்விளிம்பு வெள்ளை ஆப்பாகத் தெரியும்.

இவற்றைக் குட்டையாக்கிக் காட்டும் அளவில் ஒன்று நின்றால் பல்லாஸ் கடற்காகம். மஞ்சள் அலகின் நுனியருகே சிவப்பும் கறுப்பும் இருக்கும். முதுகு கருஞ்சாம்பலாகவும் கால் மஞ்சளாகவும் இருந்தால் லெஸ்ஸர் பிளாக்-பேக்டு வகை. பெரிய கடற்காகங்கள் முழு நிறம் பெற நான்கு ஆண்டு ஆகும். பழுப்புத் திட்டுகளும் வால் நுனியில் கறுப்புப் பட்டையும் கொண்டவை இளசுகள், புது இனம் அல்ல.

தனுஷ்கோடிக்கு எப்போது, எப்படிப் போக வேண்டும்?

நவம்பர் முதல் மார்ச் வரை. மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கி.மீ.; அங்கிருந்து அரிச்சல்முனை இன்னும் 20 கி.மீ. அளவு. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழியில் நிற்கலாம். இருட்டிய பிறகு தனுஷ்கோடிச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை.

ஓதம் பார்த்துப் போவது முக்கியம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தரை அவ்வளவு சமதளம் என்பதால் அரை மீட்டர் இறங்கினாலே பரந்த மணல் வெளிப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இறக்கம் அதிகம். வற்றத்தில் பறவைகள் பரந்து மேயும், தூரத்தில் இருக்கும். ஏற்றம் வரும்போது கரையை நோக்கி ஒதுங்கி ஓரிடத்தில் கூடும். ஆகவே ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள், அவையே நெருங்கி வரும். காற்று பலமாக இருந்தால் ஓத அட்டவணை சொல்வதற்கு மாறாகத் தண்ணீர் தள்ளப்படும். வாடை வீசும் மாதங்களில் பெண்கடல் எனப்படும் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், அப்போது தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பாருங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றிப் படகுக்காரர் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது.

அங்கே மட்டும் பார்க்கக்கூடியவை?

நண்டு உண்ணி என்கிற கிராப் பிளவருக்காகவே போகலாம். காகம் அளவு, வெள்ளை உடல், கறுப்பு முதுகுப் பட்டை, கனத்த கறுப்பு அலகு, நீலச்சாம்பல் கால். கரைப்பறவைகளிலேயே மணலில் வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றுதான். அரபிக்கடலையும் பாரசீக வளைகுடாவையும் ஒட்டிய கரைகளில் இனம்பெருக்கி இங்கே வருகிறது.

கோட்டான்களில் பெரியதன் அலகு தலையைப் போல மூன்று மடங்கு, சீராக வளையும், தலையில் கோடில்லை. விம்பரல் என்கிற சின்னக் கோட்டானுக்கு அலகு குட்டை, நுனிப் பக்கம் மட்டும் சட்டென வளையும், உச்சந்தலையில் கரும்பட்டைகள் உண்டு. கல்திருப்பி உள்ளான் ஆரஞ்சுக் காலோடு கரையொதுங்கிய கடற்பாசியைப் புரட்டிக்கொண்டிருக்கும். அலை பின்வாங்கும்போது துரத்தி, திரும்பும்போது ஓடிவரும் வெளுத்த சிறு பறவை சாண்டர்லிங். அதற்குப் பின்விரல் கிடையாது.

பூநாரைகளை எவரும் தவறவிட மாட்டார்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி ‘பெரிய பூநாரை’ இனத்துக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

என்ன கருவி வாங்குவது?

8×42 (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) தொலைநோக்கி. 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் கூடும். கடற்கரைக்கு 20–60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் நல்லது, குழுவுக்கு ஒன்று போதும். காலை 9 மணிக்கு மேல் மணலில் கானல் எழும்பி, எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் பறவை நெளியும். காலையில் நீர்நிலையின் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். படம் எடுக்கையில் ஆலா, கடற்காகத்துக்கு ஒளிஅளவை 2/3 ஸ்டாப் குறையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை இறகின் நுணுக்கம் வெளிறிப்போகும்.

ஆப் வேறு பெயர் சொல்கிறதே?

சாம்பல் நிறக் கரைப்பறவைகளில் படத்தை வைத்துச் சொல்லும் ஆப்கள் அடிக்கடி தடுமாறும். முதலில் இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் அமெரிக்கப் பறவையைக்கூடக் காட்டும். அது தரும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், அந்த இனத்தின் அலகு, கால், பிட்டம் மூன்றையும் உங்கள் படத்தோடு ஒத்துப்பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் பெயரை ஏற்காதீர்கள்.

எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்பிவிடுவது கொடுமை: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்கச் சேர்த்த கொழுப்பை அவை உங்களுக்காக எரிக்க வேண்டியிருக்கும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். கோடையில் ஆள்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் வெறுந்தரையில் முட்டையிடும். முட்டை சரளைக்கல் நிறம். ஒரு பறவை கத்திக்கொண்டு உங்கள் தலைக்கு மேல் சுற்றினாலோ, இறக்கை ஒடிந்தது போல நொண்டிக் காட்டினாலோ, வந்த தடத்திலேயே திரும்புங்கள். வெயிலில் தாய் விலகினால் முட்டை வெந்துவிடும்.

பார்த்ததை எப்படிப் பதிவது?

தேதி, தொடங்கிய நேரம், கால அளவு, நடந்த தூரம், இனம்வாரியாக எண்ணிக்கை. பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் 10 பறவையை ஒவ்வொன்றாக எண்ணி அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதே அகலத்தை வைத்துக் கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டே போங்கள். தைப்பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஊர்க் கண்மாயிலிருந்தே கலந்துகொள்ளலாம். 15 நிமிடம் எண்ணி, பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் ஏற்றினால் போதும்.

பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக்கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, நிறங்கள் மேலிருந்து கீழாக என்ன வரிசை, எழுத்து இருந்தால் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘இடது கால்’ என்பது பறவையின் இடது. எதிரே நின்று பார்ப்பவர்கள் இதைத்தான் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.